ஒன்றே முக்கால் சப்பாத்தி

சூடான சப்பாத்தியின் மேல் கத்தி இறங்கி, அடியில் இருக்கும் எவர்சில்வர் தட்டில் 'ணங்'கென்று முட்டும் சத்தம் ஒன்று உண்டு. குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை. இன்றைக்கும் யார் வீட்டு அடுக்களையிலிருந்தாவது அது கேட்டால் எனக்குப் பசி போய்விடுகிறது. அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் ஆவடியில் பெரியம்மா வீட்டோடு வந்து சேர்ந்தோம். பெரியப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, அதனால் ஊழியர் குடியிருப்பில் வீடு. அவருக்குச் சர்க்கரை, அதனால் ராத்திரியில் தினமும் சப்பாத்தி. அம்மாவுக்கு ஒரே குறி, நான் பன்னிரண்டாவது வரையாவது படித்துவிட வேண்டும். அதற்கு அந்த வீட்டில் இருந்தாக வேண்டும்.

மாவு பிசைவது, தேய்ப்பது, சுடுவது எல்லாம் அம்மா. பரிமாறுவது மட்டும் பெரியம்மா. பெரியப்பாவுக்கும் அவருடைய பிள்ளைகளான இரண்டு அண்ணன்களுக்கும் முழுச் சப்பாத்தி. எனக்கும் அம்மாவுக்குமாக மூன்றைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் நாலாக நறுக்கி வைப்பாள்; ஒரு துண்டுக்கு 'காலு' என்று பெயர். "முழுசா போட்டா மிச்சம் வெப்பீங்க. காலு காலா கேட்டு வாங்கிக்குங்க, யாரு வேணாம்னு சொன்னது?" என்பாள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நியாயமாகக் கேட்கும்படி பேசுவதில் அவளுக்கு நிகர் அந்தக் குடியிருப்பிலேயே கிடையாது. ஆனால் அண்ணன்கள் "ரெண்டு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சாப்பிட, நான் ஒவ்வொரு துண்டுக்கும் வாயைத் திறந்து "இன்னும் ஒரு காலு பெரியம்மா" என்று கேட்க வேண்டும். ஐந்தாவது துண்டுக்கே "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு" என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொல்லி வைப்பாள். எனக்கு வயிறு நிறைய ஏழு கால் வேண்டும். மிச்சம் ஐந்து அம்மாவுக்கு. அம்மா கடைசியில் உட்காருவாள், அவளும் தன் அக்காவிடம் கேட்டுக் கேட்டுத்தான் வாங்குவாள்.

ஆறாம் வகுப்பில் பின்னங்கள் வந்தன. கீழே இருப்பதைவிட மேலே பெரிய எண் இருந்தால் தகா பின்னம் என்று சொல்லி, கணக்கு டீச்சர் பலகையில் மேலே ஏழு, கீழே நாலு என்று எழுதினார். ஏழை நாலால் வகுத்தால் ஈவு ஒன்று, அது முழு எண். மீதி மூன்று, அது மேலே போகும், கீழே அதே நாலு. ஒன்றே முக்கால். இப்படி எழுதினால் கலப்பு பின்னம். "ரெண்டும் ஒண்ணுதான் பிள்ளைங்களா, எழுதற விதம்தான் வேற" என்றார். மற்றவர்கள் மேலே எது, கீழே எது என்று திண்டாடிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் ஒரே மூச்சில் புரிந்தது. எப்படிப் புரியாமல் போகும், தினம் ராத்திரி தின்கிற கணக்கு அது.

அன்று ராத்திரி பெரியம்மா "எத்தனை காலுடி?" என்று கேட்டபோது, "ஒண்ணே முக்கால் பெரியம்மா. ஒண்ணை நறுக்காம முழுசாவே போட்டுடுங்க" என்றேன். அம்மாவின் கை சப்பாத்திக் கட்டையின் மேல் அப்படியே நின்றது. பெரியப்பா திருத்தணிப் பக்கத்து மனிதர்தான், ஆனால் தொழிற்சாலையில் பழகிப் பழகிப் பட்டணத்துப் பேச்சு ஒட்டிக்கொண்டவர், அவர் சிரித்துவிட்டார். "பொண்ணு இன்னா தப்பா சொல்லிச்சு? கணக்கு கரீட்டாத்தான கீது, போடேன்" என்றார். பெரியம்மாவும் சிரித்துக்கொண்டே முழுதாக ஒன்று போட்டாள்.

மறுநாள் அவள் கத்தியையே எடுக்கவில்லை. என் தட்டில் முழுதாக இரண்டு, அம்மாவுக்கென்று முழுதாக ஒன்று. "நேத்து வரைக்கும் பன்னெண்டு காலு. இன்னைக்கு மூணு முழுசு. சரியா இருக்கா, நீயே பார்த்துக்க. நீதான் கணக்குல புலியாச்சே" என்றாள். சரியாகத்தான் இருந்தது. அம்மாவின் ஐந்து காலில் ஒரு கால் மட்டும் என் தட்டுக்கு வந்திருந்தது. நான் அதைப் பிய்த்து அம்மாவிடம் நீட்டினேன். "எச்சிலை ஏன் அங்க வெக்கிற? அவளுக்கு வேணும்னா அவ கேப்பா" என்றாள் பெரியம்மா. அம்மா கேட்கவில்லை. "எனக்குப் போதும்க்கா, ராத்திரியில அவ்வளவா ஒத்துக்கறதில்ல" என்றாள். நாள் முழுக்க மாடாய் உழைத்தவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். பாத்திரம் கழுவும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுடி. நீ படிக்கணும்."

அந்த வாரமே டீச்சர் திருப்பி மாற்றவும் சொல்லிக் கொடுத்தார். முழு எண்ணைக் கீழே இருப்பதால் பெருக்கி, மேலே இருப்பதோடு கூட்டினால் ஒன்றே முக்கால் மறுபடியும் ஏழு காலாகிவிடும். அன்று ராத்திரி நானே போய், "எனக்குப் பழையபடி காலு காலாவே குடுங்க பெரியம்மா" என்றேன். அவள் ஏனென்று கேட்கவில்லை, கத்தியை எடுத்து வந்தாள். அம்மாவுக்கு அவளுடைய ஐந்தும் திரும்பி வந்தது. பன்னிரண்டாவது முடிக்கும்வரை ஒவ்வொரு துண்டாகக் கேட்டுத்தான் சாப்பிட்டேன். எழுதுகிற விதம்தான் வேறு என்று சொன்ன டீச்சர் ஒரு வேளையாவது அப்படிச் சாப்பிட்டிருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது அயனம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறேன். ஆவடி வழியாகப் போகும்போது பார்த்தால் அந்த வீட்டு வரிசையே பூட்டிக் கிடக்கிறது, சுவரைப் பிளந்துகொண்டு ஆலங்கன்று நிற்கிறது. பெரியப்பா இல்லை. போன வருடம் அம்மாவும் போய்விட்டாள். காரியத்தன்று கூடம் கொள்ளாமல் உறவுக்காரர்கள் இருந்தார்கள். பெரியம்மா நடுவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவங்க ரெண்டு பேரையும் என் ஊட்டோட வெச்சுக் காப்பாத்தினேன். சோத்துல ஒரு நாள் குறை வெச்சதில்ல. வேணும்னா இவளையே கேளுங்க" என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எந்த வாத்தியார் திருத்தினாலும் அவள் சொன்னதற்கு முழு மதிப்பெண்தான் போடுவார். "ஆமாம்" என்றேன். இல்லையென்று எனக்காகச் சாட்சி சொல்ல இருந்த ஒரே ஆளுக்குத்தான் அன்றைக்குக் காரியம்.