பறியைக் கடித்த வாய்

மூன்று வயது தாண்டியும் நான் ஒரு சொல் பேசவில்லை. இன்று என் வாயை அடக்க ஆளில்லை என்று சலித்துக்கொள்ளும் என் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம் அது. அவர்கள் கப்பலுக்குப் போகும் துணிமூட்டைகளின் மேல் கணக்கர்கள் தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்தே எனக்கு எழுத்து வந்தது. பேச்சு அவ்வளவு சுலபமாக வரவில்லை. இதில் பாதி என் நினைவு, பாதி அம்மா சொன்னது.

நாங்கள் ஏரிக்கரையில், தோணிரேவுக் குப்பத்தில் இருந்தோம். நைனா, அதாவது என் அப்பா, மூட்டைகளைப் படகில் ஏற்றிக் கப்பல்வரை கொண்டுபோவார். அவர் வரும்போது நான் தூங்கியிருப்பேன். அம்மா ஏரியில் இறால் தடவுவாள். தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்டதை பறி என்கிற ஓலைக் கூடைக்குள் போட வேண்டும். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். எங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். நான் பக்கத்து மணல்திட்டில் உட்கார்ந்திருப்பேன். பறியைக் கடித்த வாயோடு அம்மா ‘ம்’ என்பாள். திட்டின் ஓரத்துக்குப் போனால் ஒரு ‘ம்’. நண்டைத் தொடப் போனால் வெடுக்கென்று ஒரு ‘ம்’. பசிக்கிறதா என்று கேட்க, இழுத்து ஒரு ‘ம்’. அத்தனையும் எனக்குப் புரியும். வீட்டுக்கு வந்தால் அவளுக்குத் தாடை வலி. சோறு போட்டுவிட்டுச் சுருண்டுவிடுவாள்.

“சத்தமே போடாத புள்ள, குடுத்து வெச்சவமே நீ” என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். என் வயதுப் பிள்ளைகள் வாயாடத் தொடங்கியதும் பேச்சு மாறியது. நைனாவின் அக்கா, என் அத்தை, ஒருநாள் நைனாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

“டேய், பொண்ணு ஊமைடா. நாக்குக்கு அடில தோலு ஒட்டிக்கினு கீது. அம்பட்டனைக் கூப்ட்டு அறுத்துவுட்டா சரியாப் பூடும்.”

“அறுத்து நாக்கே பூட்டா இன்னாக்கா பண்றது?” என்றாள் அம்மா.

“இப்ப மட்டும் பாட்டா பாடுது?”

கத்தி என்றதும் நைனா பின்வாங்கினார். முதலில் கோட்டை வைத்தியரிடம் காட்டுவோம் என்றார். அந்த ஒல்லாந்து வைத்தியர் ஒரு தினுசான மனிதர். எந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாலும், எப்போது தலை நின்றது, எப்போது தவழ்ந்தது, முதலில் யாரைப் பார்த்துச் சிரித்தது என்று தாய்மார்களைக் கேட்டுக்கொண்டே இருப்பார். “தொரைக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்?” என்று பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். “எங்க ஊர்ப் பிள்ளையும் உங்க ஊர்ப் பிள்ளையும் ஒரே மாதிரியா வளருதுன்னு பார்க்கிறேன்” என்பாராம்.

அன்று நான் வழக்கம்போல ஒரு பனையோலைத் துண்டைக் கடித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதை உருவிவிட்டு நாக்கைத் தூக்கிப் பார்த்தார். அறுக்க ஒன்றுமில்லை. முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டினார், திரும்பினேன். ஓலையைத் திருப்பிக் கொடுத்தார். உடனே கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்து நீளமாக ஒரு ‘ம்’ போட்டேன். அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

“இப்போ என்ன கேட்டாள்?”

“தண்ணி, தொரை.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

அம்மா சிரித்தாள். “தெரியாம இன்னா? நானும் அப்பிடித்தானே, பறியைக் கடிச்சிக்கினு...”

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. என் வாயிலிருந்த ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கெட்டிக்காரி. நீ கொடுத்த பேச்சைத்தான் பேசுறாள்” என்றார் வைத்தியர். “வேற பேச்சும் கொடுத்துப் பாரு. வருமா வராதான்னு என்னால் சொல்ல முடியாது.”

மறுநாள் அம்மா பறியைக் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள். அது தண்ணீரில் சாயும். போட்ட இறால் துள்ளி வெளியே ஓடும். கூட இருந்தவர்கள் விடுவார்களா? “இன்னாமே, எறாலுங்களைப் பொறந்த ஊட்டுக்கு அனுப்புறியா?” அம்மா காதில் வாங்கவில்லை. பேசிப் பழக்கமில்லாதவள், என்ன பேசுவதென்று தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னாள். “இது சேறு. தோ பாரு, எறா. ஐயோ, ஓடிப் பூட்ச்சி. தோ இன்னொண்ணு.” கிண்டல் செய்த பெண்களே பிறகு பறியைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள். “இன்னாடி பாக்குற? இன்னாடி வோணும் ஒனக்கு?” மற்றவர்கள் பேசுவதைக் கேட்க இன்றைக்கும் எனக்கு ஒரு பசி உண்டே, அது அந்தத் திட்டில் பிடித்ததுதான்.

ஆனால் நான் பேசவில்லை. வாரங்கள் போயின. அத்தை மறுபடி வந்தாள். “தொரை சொன்னா ஆச்சா? அவுங்க நாக்கு வேற, நம்ம நாக்கு வேற.” இந்தத் தடவை நைனாவும் சரி என்றார். நாக்கை அறுக்க அமாவாசைக்கு நாள் குறித்தார்கள்.

அம்மாவைப் பழி சொல்ல இதை எழுதவில்லை. நானும் பெற்று வளர்த்தவள். நாம் கொடுக்க நினைப்பதையா பிள்ளை எடுத்துக்கொள்கிறது? கண் எதிரே எது நடக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. அவளுடைய ‘ம்’ இல்லாவிட்டால் அந்த மூன்று வருஷமும் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன்.

அமாவாசையன்று அம்மா ஏரிக்குப் போகவில்லை. சுவரோரம் நின்றாள். நைனா என்னை மடியில் வைத்து முகவாயைப் பிடித்தார்.  எதிரே நாவிதர் துணி விரித்து, கல்லில் கத்தியைத் தீட்டினார். வெயில் பட்டு அது பளிச்சென்றது. அந்தப் பளபளப்பு எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. விரலை நீட்டினேன்.

“இன்னா?”

நைனா பின்னால் திரும்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டது என்றுதான் நைனா நினைத்தாராம்.

“இன்னா?” என்று மறுபடி கேட்டேன்.

எந்தப் பிள்ளைக்கும் சொல்வதுபோல நாவிதர்தான் பதில் சொன்னார். “கத்தி கண்ணு, கத்தி.” சொல்லிக்கொண்டே அதை உறையில் செருகினார். நைனாவின் கை என் முகவாயிலிருந்து நழுவியது. அம்மா சுவரை விட்டு ஓடி வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

நான் அடுத்து அந்தக் கல்லைக் காட்டினேன்.