முப்பத்து நான்கு துடிப்பு

அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பியது நான்தான். சபையில் சொல்லும் இந்தச் சாட்சியை அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1989 கோடை. ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நான் நர்ஸ். மில்லில் மயங்கி விழுந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். படுக்கவைத்தோம், குளுக்கோஸ் ஏற்றினோம், தெளிந்து எழுந்தார். "வெயில் மயக்கந்தாம்மா, போயிட்டு வாங்க" என்றேன். மறுநாள் அவர் இறந்துபோன செய்தி வந்தது.

காரணம் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. "நீங்க என்ன செய்வீங்க சிஸ்டர், நானுந்தானே பாத்தேன்" என்றார் டாக்டர். எனக்கு ஆறவில்லை. அதன்பின் ஜெபமும் வரவில்லை. ஆலயத்தில் முழங்கால் போடுவேன், அசதிதான் வரும். வேலைக்கு ஆள் போதாது. கால் வீங்கிச் செருப்பு நுழையாது. மயங்கி வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே முகம்போலத் தெரிந்தது. வேலையை விடப்போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், மகாராஜபுரத்திலிருந்து முருகையா என்ற விவசாயியை வேனில் கொண்டுவந்தார்கள். வரும்போதே தெளிந்திருந்தார். "சாப்பிடாம வயக்காட்டுக்குப் போயிருப்பாரு. ஒரு பாட்டில் ஏத்தி அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஊசியைக் கையில் எடுத்தேன். "ஆண்டவரே, எனக்குத் தெம்பில்லை. இவரை நீரே பாரும்" என்று மனசுக்குள் சொன்னேன். அவ்வளவுதான் ஜெபம்.

அப்போது அவர் மனைவி சீனியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்ற நாளாயிருந்தால் விலக்கியிருப்பேன். அன்றைக்கு விலக்கவும் தெம்பில்லை.

"சிஸ்டரம்மா, அவிய வெயில்ல விழல. வீட்டுல உக்காந்து கஞ்சி குடிக்கையிலேயே விழுந்துட்டாவ. இது மூணாந்தடவ. மூஞ்சி வெளுத்துப் போவுது, முழிச்சதும் செவசெவன்னு ஆயிருது."

ஊசியை வைத்துவிட்டு முருகையாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன். அறுபதுக்கு மேல் இருக்க வேண்டியது, முப்பத்து நான்கு துடிப்புதான்!

டாக்டரிடம் ஓடினேன். ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருக்கும்போதே முருகையாவுக்கு மறுபடி மயக்கம். தாளில் சில நொடிகள் வெறும் நேர்கோடு. டாக்டர் நெஞ்சில் ஓங்கிக் குத்தினார். துடிப்பு திரும்பியது.

"ஹார்ட் நின்னு நின்னு ஓடுது சிஸ்டர். இப்பவே மதுரைக்குக் கொண்டு போகணும்" என்றார்.

மருந்து ஏற்றிக்கொண்டே காரில் கிளம்பினோம். என் விரல் அவர் நாடியிலேயே இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் அவர் கண் செருகியது. விரலுக்கடியில் ஒன்றுமில்லை. "ஆண்டவரே!" என்று வாய்விட்டுக் கத்தினேன். டிரைவர் திடுக்கிட்டுத் திரும்பினார். நாடி வந்தது. மதுரை வரை அழுதுகொண்டே ஜெபித்தேன். எத்தனை நாள் அடைத்துக் கிடந்த ஜெபம்!

மதுரையில் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். தீபாவளி கழித்து, சீனியம்மாவும் கூட வர, முருகையா தானே நடந்து வந்து என்னைப் பார்த்தார். "மடவார் வளாகம் சிவன் கோயில்ல ஒங்க பேருக்கும் சேத்து வெளக்குப் போட்டேன் சிஸ்டரம்மா" என்றார் சீனியம்மா. அன்றைக்கு நான் எந்த ஆண்டவரிடம் ஜெபித்தேன் என்பதை அவரிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டே கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலையை விடவில்லை. மயங்கி வருகிற ஒவ்வொருவரிடமும், எப்படி விழுந்தீர்கள், அப்போது நின்றீர்களா உட்கார்ந்திருந்தீர்களா என்று கேட்கிறேன். பார்த்தவர்கள் சொல்வதையும் கேட்கிறேன். அசதி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அசதியோடுதான் ஆண்டவர் என்னை நடத்துகிறார். அவருக்கு ஸ்தோத்திரம்.

ஜெபிக்கவே தெம்பில்லை என்று இங்கே யாராவது உட்கார்ந்திருந்தால், அதையே அவரிடம் சொல்லுங்கள். அவர் அதையும் கேட்கிறார்.