நடைவேகத்தில் வந்த வண்டி

2001 கோடையில் என் மாமனார் பெருந்துறையிலிருந்து எங்களோடு சில மாதங்கள் தங்க வந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழனிக்கு வேண்டிக்கொண்டு தாடி வளர்த்திருந்தார். ஊர் திரும்பியதும் முடி இறக்குவதாக இருந்தார். நாங்கள் டெக்ஸாஸில், ஆலனில், அப்போதுதான் வீடு வாங்கியிருந்தோம்.

அதற்குப் பத்து வருடங்களுக்கு முன் நான் நியூஜெர்சியில் வந்து இறங்கியபோது, பக்கத்து அப்பார்ட்மென்ட் ஆன்ட்டி முதல் வாரமே, “ட்ரெயின்ல போகும்போது பொட்ட எடுத்துடும்மா, இங்க நம்மாளுங்கள அடிச்சிருக்காங்க” என்று சொல்லியிருந்தார். டெக்ஸாஸ் வந்த பிறகு அதையெல்லாம் மறந்தே போயிருந்தேன்.

செப்டம்பரில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கொடி ஏறியது. என் கணவரும் ஒன்று வாங்கி வந்து வாசலில் நட்டார். டல்லாஸ் பக்கம் கடையில் நின்றிருந்த ஒருவரை அரபுக்காரர் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. படத்தில் அவர் முகம் எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் யாரோ ஒருவரின் முகம் போலவே இருந்தது.

மாமனார் தினமும் விடிந்ததும் நடக்கப் போவார். அக்டோபரில் குளிர் தொடங்கியதும், ஊரில் செய்வதுபோலவே வெள்ளைத் துண்டைத் தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: “இந்த ஊர்க்காரங்க நல்ல மனுசங்க அம்மணி. ஒருத்தரு பெரிய வண்டியில வர்றாரு. நான் நடக்கற வேகத்துக்கே பக்கத்துல ஓட்டிட்டு வந்து, கண்ணாடிய எறக்கி என்னமோ பேசறாரு. இவங்க இங்கிலீசு எனக்கு எங்க வெளங்குது? குட் மார்னிங் சொல்லி ஒரு கும்புடு போட்டுருவேன்.”

என் கணவரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. “எத்தன நாளாப்பா?”

“ஒரு வாரமா. ஏன்?”

மறுநாள் கணவர் விடியுமுன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால், மாமனாருடன் நான் நடந்தேன். இரண்டாவது திருப்பத்தில் பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. கறுப்பு பிக்கப் ட்ரக். ஓட்டியவனுக்கு ஐம்பது வயதிருக்கும், கையில் காபி. மாமனார் சிரித்தபடி கையை உயர்த்தினார். அவன் அவரைப் பார்க்காமல் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னான்: “இவனுக்குப் புரிகிற பாஷையில் நீ சொல். தலையில் அந்தத் துணியோடு இன்னொரு தடவை இவனைப் பார்த்தால் நான் பிரேக்கை மிதிக்க மாட்டேன்.”

குரலில் கோபமே இல்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னான்.

“இவர் என் மாமனார். நாங்கள் இங்கேதான் குடியிருக்கிறோம்” என்றேன்.

“தெரியுமே” என்று எங்கள் வீட்டு எண்ணைச் சொன்னான். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

“என்ன அம்மணி சொன்னாரு?”

உள்ளதைச் சொன்னேன். மாமனார் நடைபாதையிலேயே நின்று துண்டை அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “இத்தன நாளும் இதத்தான் சொல்லிட்டிருந்தானா?” என்றார். “நான் பல்லக் காட்டிட்டே நின்னனே!”

நான் போன் செய்ததும் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மிக மரியாதையாகப் பேசினார். தொட்டானா, ஆயுதம் எதையாவது காட்டினானா என்று கேட்டார். இல்லை. அந்த வண்டியைத் தேடிப் போய் விசாரித்துவிட்டு வந்து, அவன் எங்களுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவன், விளையாட்டாகப் பேசியதாகச் சொல்கிறான் என்றார். கிளம்பும்போது, பெரியவர் கொஞ்ச நாளைக்குத் தாடியை எடுத்துவிட்டால் நல்லது என்றும் சொன்னார்.

“சாமிக்கு வளத்தது. இவனுக்குப் பயந்துட்டு எடுக்க மாட்டேன்” என்றார் மாமனார். அதற்குப் பிறகு தெருவுக்குப் போகாமல் வீட்டுக்குப் பின்புறம், மரவேலியை ஒட்டி, இங்கும் அங்குமாக நடப்பார். வேலிக்கு அந்தப்புறம் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் நின்றுவிடுவார்.

அந்தத் தாடியை எடுக்க வைத்தது எங்கள் மகள். கிண்டர்கார்டனில் யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். மதியம் வந்து அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, “தாத்தா, ஆர் யூ எ பேட் கை?” என்று கேட்டாள். நீ கெட்டவனா என்கிற அந்த ஆங்கிலம் அவருக்கு விளங்கியது. மறுநாள் காலை அவர் குளியலறையிலிருந்து வந்தபோது கன்னத்தில் இரண்டு இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது. “முருகன் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்” என்றார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பரில், குறித்த நாளுக்கு முன்பே, ஊருக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகும் அந்த ட்ரக் சில காலைகளில் எங்கள் தெருவுக்கு வந்தது. எங்கள் வாசல் வந்ததும் வேகம் குறையும். கண்ணாடி இறங்காது. கணவரும் நானும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டிருந்தோம். ஆனால் இருவருமே மகளை ஜன்னலோரம் விளையாட விடவில்லை. டிசம்பரில் வீட்டை விற்பனைக்குப் போட்டோம்.

முதலில் பார்க்க வந்தவர்கள் ஒரு இளம் தமிழ்த் தம்பதி. சமையலறை அந்தப் பெண்ணுக்குப் பிடித்துப்போயிற்று. “நெய்பர்ஸ்லாம் எப்படிங்க?” என்று கேட்டாள். கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். வெளியே போனபோது, அந்தப் பெண் தெருவின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினாள்.