பதினேழே கால்

அந்தத் தெருவில் தையற்காரி சொன்ன அளவுக்கு அப்பீல் கிடையாது. "போன வருஷம் இதே இடுப்புக்கு இருபத்தெட்டுன்னு எழுதினீங்களே" என்று யாராவது முறையிட்டால், "டேப் வளரலை, நீங்கதான் வளந்திருக்கீங்க" என்பாள். முகதாட்சண்யத்துக்காக ஒரு நூல் குறைத்துச் சொன்னவள் இல்லை. அப்படிப்பட்டவள் கட்டின புருஷனின் தொடையை அளந்து பொய் சொன்னாள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

புருஷனை எல்லோரும் கிரேன் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு மாற்றுகிறவர்களின் பீரோவையும் ஃபிரிஜ்ஜையும் தோளில் வார் மாட்டி மாடி ஏற்றுகிற வேலை, பதினெட்டு வருஷமாக. ஆள் பார்க்க அப்படியொன்றும் பயில்வான் கிடையாது. ஆனால் தொடைகள் இருக்கின்றனவே, அவனுக்கு பேன்ட் தைக்க உட்கார்ந்தால் துணி பத்தாமல் அவளே திட்டுவாள். மழை ஈரத்தில் ஒரு படி வழுக்கி இடது கால் உடைந்தது. பத்து வாரம் இடுப்புக்குக் கீழே மாவுக்கட்டு. கட்டை வெட்டி எடுத்த அன்று, உள்ளேயிருந்து வந்ததைப் பார்த்து, "இது யார் கால்?" என்றான். சிரிக்க வைக்கத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

பிசியோதெரபி பார்த்த பெண் பொறுமைசாலி. புரியும்படிதான் சொன்னாள். "தசைக்குள்ள ரெண்டு விதமான நார் இருக்குங்க. ஒண்ணு மெதுவா இழுக்கும், லேசுல சோராது. மூச்சுல வர்ற காத்தை வெச்சுக் கொழுப்பையும் சர்க்கரையையும் எரிச்சு, மணிக்கணக்கா தாங்கும். இன்னொண்ணு வேகமா, பலமா இழுக்கும். ஆனா தசையில சேத்து வெச்ச சர்க்கரையைக் கொஞ்ச நேரத்துல கரைச்சுட்டு மடங்கிடும். மாடி ஏத்தற வேலைக்கு ரெண்டும் வேணும். வேலை குடுக்கலேன்னா ரெண்டுமே இளைச்சிடும்."

"திரும்ப வருமா?" என்று கேட்டவள் தையற்காரி. அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரும். முதல்ல நரம்பு பழகும், தசை பருக்கறது அப்புறம்தான். அஞ்சாறு வாரத்துக்கு டேப்புல பெருசா ஒண்ணும் தெரியாது, பயந்துடாதீங்க. ஒரு தடவை தூக்கற பலம் முன்னாடி வந்துடும். நாலு மாடி தாங்கற சக்தி பின்னாடிதான் வரும். நான் சொல்ற வரைக்கும் படியில பாரம் வேணாம்."

இவ்வளவு சொன்னதில் அவன் காதில் விழுந்தது டேப் ஒன்றுதான். வெள்ளிக்கிழமைதோறும் அளக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். முழங்கால் சிப்பிக்கு மேலே நான்கு விரல் வைத்து, அங்கே டேப்பைச் சுற்றினாள். நல்ல கால் பதினேழே முக்கால் இன்ச். இந்தக் கால் பதினஞ்சரை. வாரம் முழுக்க நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான், கணுக்காலில் மணல் பை கட்டித் தூக்கினான். அடுத்த வெள்ளியும் பதினஞ்சரை. அன்றோடு மணல் பையை மூலையில் எறிந்துவிட்டு இடித்தபுளி மாதிரி உட்கார்ந்தான். முட்டையை வைத்தால் தட்டைத் தள்ளினான். ஒண்ணாந்தேதி வரைக்கும்தான் இடம் வைத்திருக்க முடியும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் லாரி யாருக்காகவும் காத்திருக்காது. "தூக்கத் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது எனக்கு," என்றான் கிரேன். அதைச் சொன்ன குரல் அவளைப் பயமுறுத்தியது. காலைவிட ஆள் வேகமாக இளைத்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வெள்ளி டேப்பை ஒரு விரல் மேலே தள்ளி வைத்தாள். தொடை மேலே போகப் போகப் பருமன்தானே. "பதினாறு," என்றாள். அவன் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன்போல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். திறந்தபோது அந்த முகத்தில் வந்த வெளிச்சத்துக்காக அவள் எந்தப் பொய்யும் சொல்லியிருப்பாள். அன்றைக்கு இரண்டு முட்டை தின்றான். சட்டையில் அரை இன்ச் லூஸ் விடுவதில்லையா, மூச்சு விட இடம் வேண்டாமா என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். வாரம் ஒரு விரலாக டேப் மேலே ஏறியது. பதினாறரை, பதினாறே முக்கால், பதினேழே கால். தனியாக ஒரு நாள், அவன் தூங்கும்போது சரியான இடத்தில் அளந்தாள். பதினஞ்சே முக்கால்.

பதினேழே கால் என்று கேட்ட மறுநாளே அவன் மேஸ்திரியைப் பார்த்து, ஒண்ணாந்தேதி வேலைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான்.

"இன்னும் ஒரு மாசம் பொறுங்க. பிசியோ அம்மா இன்னும் சொல்லலையே."

"நீதானே அளந்த? நேத்து உன் தையல் மிஷினையே தூக்கிக் காட்டினேனே, பாக்கலையா?"

பார்த்தாள். ஒரு தடவை தூக்கினான், வைத்தான். அவ்வளவுதான். வாயைத் திறந்தால் ஆள் மறுபடி மூலையில் உட்கார்ந்துவிடுவான். திறக்காவிட்டால்? புலி வாலைப் பிடித்த கதையாகிவிட்டது.

ஒண்ணாந்தேதி காலை. இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத கட்டடம், நாலாவது மாடிக்கு இரட்டைக் கதவு ஃபிரிஜ். எப்போதும் கீழ்ப்பக்கம், பாரம் இறங்குகிற பக்கம், கிரேன்தான் நிற்பான். "இன்னிக்கு நான் கீழ நிக்கறேன் மாமா, நீங்க மேல புடிங்க," என்றான், கூட்டிப்போக வீட்டு வாசலுக்கு வந்த ஜோடி ஆள். ஜோடி ஆள் வேறு யாருமில்லை, தையற்காரியின் கூடப்பிறந்த தம்பி. மேலே பிடிக்கிறவன் விட்டால் ஃபிரிஜ் யார்மேல் வரும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடது கையை வைத்துத் தைத்துவிட்டு, அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஃபிரிஜ் இரண்டாவது மாடியைத் தாண்டிவிட்டது. தம்பிக்குப் பின்னால், திருப்பத்தில் நின்று கம்பி இடுக்கு வழியாக மேலே பார்த்தாள். தம்பிக்கு ஃபிரிஜ்ஜின் முதுகு மட்டும்தான் தெரியும். அவளுக்குக் கிரேனின் இடது கால் தெரிந்தது. மூன்றாவது மாடிக்கு ஒன்பது படி இருக்கும்போது, பேன்ட்டுக்குள் தொடை நடுங்கத் தொடங்கியது. பலம் இருந்தது, தாங்குகிற சக்திதான் தீர்ந்துவிட்டது. பிசியோதெரபிப் பெண் சொன்னது சொன்னபடி நடந்துகொண்டிருந்தது.

"தம்பி, இறக்கு," என்றாள், குரலை உயர்த்தாமல்.

"வேணாம், ஏத்து மாப்ள," என்றான் கிரேன் மேலேயிருந்து. மூச்சு வாங்கியது. "ஒம்பது படி."

தம்பி கழுத்து நரம்பு புடைக்க நின்றான். திரும்ப முடியாது. "அக்கா, உனக்குத் தெரியுதா? மாமா கால் எப்படி இருக்கு?"

நல்லாத்தான் இருக்கு என்று சொன்னால் ஏறிவிடுவான். அக்கா அளவு சொன்னால் அவன் ஒருநாளும் மறுத்ததில்லை.

"பதினஞ்சே முக்கால்," என்றாள். "பதினேழே கால் பொய். நான் டேப்பை மேல தள்ளி வெச்சேன்."

தம்பி தோளைக் கொடுத்து, முழங்காலை மடக்கி, ஃபிரிஜ்ஜின் அடியைப் படி விளிம்பில் நிறுத்திச் சுவரில் சாய்த்தான். வார் தளர்ந்த அதே நொடியில் கிரேனின் கால் மடங்கி, அவன் படியில் உட்கார்ந்தான். இன்னும் இரண்டு படி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

மேஸ்திரி கீழேயிருந்து வேறு ஆளை அனுப்பினார். வந்தவன் கிரேனின் தோளிலிருந்த வாரைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவனைப் பார்க்காமல் "ம்" என்றான். ஃபிரிஜ் மேலே போயிற்று.

கிரேன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். அவள் தாங்கப் போன கையை விலக்கவில்லை, பிடிக்கவும் இல்லை. திருப்பத்துக்கு வந்ததும் நின்றான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவன் அழுகிற குரலில் கேட்டான்:

"இனிமே வர்ற வெள்ளிக்கிழமை எல்லாம், என் காலை யாருகிட்ட காட்டி அளக்கறது?"