விசிலடித்த ஏர் ஃபில்டர்

பினாங்கு பாயான் லெப்பாஸில் கணினி சிப் தயாரிக்கும் தொழிற்சாலையில், ஏர் ஃபில்டர்களைச் சோதிப்பதுதான் என் வேலை. விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் தூசி புகுந்துவிடும் என்று மற்றவர்களிடம் எரிந்து விழுகிற ஆள் நான்.

அப்படிப்பட்ட நான் ஒரு கார் சாமான் கடைக்காரனின் பேச்சில் மயங்கினேன். "ஒரிஜினல் ஃபில்டர்ல டர்போவுக்குக் காத்து பத்தாதுண்ணே. இதப் போட்டா பறக்கும்லா" என்றான். அவனே மாட்டினான். ஃபில்டர் பெட்டியின் மூடி பொருந்தவில்லை. முஷ்டியால் ஒரு குத்து விட்டுக் கிளிப்பைப் போட்டான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

காரை முடுக்கியதும் விசில் சத்தம் கேட்டது. "டர்போ பாடுதுண்ணே" என்றான். வெட்கக்கேடு, நானும் மூன்று மாதம் அதை ரசித்தேன்.

ஒருநாள் பினாங்குப் பாலத்தில், பின்னால் லோரி நெருங்கி வரும்போது, கார் இழுக்காமல் தளர்ந்தது. லோரி ஹாரன் அடித்துக்கொண்டே உரசாத குறையாக விலகிப் போனது.

மெக்கானிக் ஃபில்டருக்குப் பின்னாலிருந்த குழாயில் விரலை விட்டு எடுத்தார். விரலெல்லாம் மண். "ஃபில்டர் பெட்டியில சரியா உக்காரவே இல்லண்ணே. அந்தச் சந்துல காத்து போன சத்தம்தான் விசிலு. மண்ணு உள்ள போயி டர்போ பிளேடெல்லாம் தேஞ்சிருச்சு."

கடைக்காரனிடம் போய்க் கேட்டேன். "ஃபில்டர் நல்ல சாமான். உங்க காடியோட ஃபில்டர் பெட்டிதான் சரியில்ல" என்றான், கைப்பேசியிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல்.

இப்போதெல்லாம் எந்தக் கடையிலும் மூடியைப் போடும் முன், ஃபில்டரின் விளிம்பை ஒரு சுற்று விரலால் தடவிப் பார்க்கிறேன். "எங்க மேல நம்பிக்கை இல்லையாண்ணே?" என்று கேட்கிறார்கள்.

இல்லை என்கிறேன்.