சுட்ட கிழங்கானும் ஸ்டவ் வாடையும்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து எம்.கே.பி. நகர் வீட்டுக்கு வந்தால், அடுப்பு மேடையில் ஒரு புது வாணலி உட்கார்ந்திருந்தது. அடியில் வரிவரியாகக் கோடு போட்ட வாணலி. பக்கத்தில் ஒரு டப்பாவில் மீன். தலையில்லை, வாலில்லை, முள்ளில்லை. வெறும் வெள்ளைத் துண்டுகள். "இன்னிக்கு நைட்டுக்கு இதாம்ப்பா. பத்து நிமிஷ வேலை" என்று மகள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். உப்பு, மிளகு, எலுமிச்சை, அவ்வளவுதானாம். வேலைக்குப் போய்க் களைத்து வருகிறவர்களுக்கென்றே கண்டுபிடித்த சமையலாம். கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். நான் திருப்பினேன். ஒரு துண்டு இரண்டாகி, இரண்டு நாலாகி, கடைசியில் உப்புமா பதத்துக்கு வந்து நின்றது. என் கைராசி அப்படி.

அதைக்கூட விடுங்கள். மீன் வெந்துகொண்டிருக்கிறது, வீட்டில் வாடையே இல்லை. மூக்கை வாணலி வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "இன்னாப்பா, எந்த மீனப் பாத்தாலும் மோந்துகினே கீற" என்று மகள் சிரித்தாள். மீனை மோந்து பார்ப்பது எங்கள் குடும்பத்து வியாதி. அது எப்படி வந்தது என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

வெள்ளை மீனைச் சுடுவது என்றால் எனக்குக் கிழங்கான்தான். எண்ணூர் காத்திவாக்கத்தில் எங்கள் வீடு. ஆறு கடலில் போய் விழும் முகத்துவாரம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே மணலை ஒட்டி மேய்கிற மீன் அது. சதை அத்தனை மெது. குழம்பில் போட்டுக் கரண்டி பட்டால் கரைந்துபோகும். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும் எங்கள் பக்கத்தில் முதலில் கொடுப்பது கிழங்கானைத்தான்.

அம்மா அதைச் சுடும்போது செதில் எடுக்க மாட்டாள். வயிற்றை மட்டும் கீறிச் சுத்தம் செய்து, உள்ளே உப்பும் மஞ்சளும் தடவி, கரி அடுப்பின் மேல் அடுக்குவாள். அடுக்குவதற்கு எங்களிடம் இருந்த கம்பி, செத்துப்போன டேபிள் ஃபேனின் முன்பக்கக் கூண்டு. ஃபேன் உயிரோடு இருந்தபோது எங்களுக்கு அவ்வளவு உபயோகமாக இருந்ததில்லை. ஒரே ஒரு தடவைதான் திருப்புவாள். பிறகு தோலும் செதிலும் ஒன்றாக உரிந்து வரும், சதை முழுசாக நிற்கும். வீடியோக்காரர்களுக்கு இதை யாராவது சொன்னால் நல்லது.

நான் அப்போது திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவேன். சாயங்காலம் லாரி வரிசையில் பஸ் மாட்டி ஊர்ந்து வந்து சேரும்போது சட்டை சாம்பல் நிறத்துக்கு மாறியிருக்கும். ஆனாலும் ஆபீசர் என்கிற நினைப்பு மட்டும் கசங்காது. தெருமுனையில் திரும்பினால் நாலைந்து வீடுகளில் மீன் சுடுகிற வாசனை ஒன்றாகச் சேர்ந்து வரும். அங்கேயே ஆபீசரைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவேன்.

அந்த வருஷம் நைனாவுக்கு, ஆற்றில் வலை போடும் என் அப்பாவுக்கு, வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் காரம், புளி, எண்ணெய் மூன்றையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். உடம்பு தேறாவிட்டால் படகை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். நைனா முட்டையைத் தொட மாட்டார். ரொட்டியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கெழங்காவ சுட்டுக் குடுமே, எழுந்து நிக்கறனா இல்லியா பாரு" என்றார் அம்மாவிடம். எங்கள் வீட்டின் மொத்த நம்பிக்கையும் அந்தச் சின்ன மீன் மேல் போய் உட்கார்ந்தது.

மீனுக்குக் குறைவில்லை. ஆற்றில் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் வலை போட்டால் மண்டை உடையும். அதனால் இன்றைக்கு இந்த வீட்டார், நாளைக்கு அந்த வீட்டார் என்று ஊர் முறை வைத்திருந்தது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவன் படுத்துவிட்டாலும் அவன் பாடு அவனுக்குத்தான். நைனாவின் பாட்டுக்கு அம்மாவின் தம்பி தனசேகர் மாமா போய் வலை போட்டார். விற்றது போக நல்ல கிழங்கானாகப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பார்.

முதல் நாள் சுட்டு வைத்ததை நைனா ஒரு வாய் போட்டார். மென்றார். தட்டின் ஓரத்தில் துப்பினார்.

"இன்னாமே இது, கிருஷ்ணாயில் வாடை அடிக்குது?"

அம்மாவுக்கு வந்ததே கோபம். "என் கையில வாடையா? இத்தினி வருசமா துன்னுகினு இருந்தியே, அப்ப தெரிலியா?" என்று கத்திவிட்டு, தன் கையைத் தானே மோந்து பார்த்தாள். பிறகு ஸ்டவ்வைப் பார்த்தாள். காபி வைக்கும் கிருஷ்ணாயில் ஸ்டவ் கரி அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. பழி அதன் மேல் விழுந்தது. ஸ்டவ் வெளியே போனது. கரி பற்றவைக்கக் கிருஷ்ணாயில் ஊற்றுவதும் நின்றது. ஃபேன் கூண்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, அது புது ஃபேனுக்கே போகலாம் என்கிற அளவுக்குப் பளபளத்தது. அப்புறமும் வாடை போகவில்லை. நானும் தப்பவில்லை. "லாரிக் கம்பெனி கையோட மீனத் தொட்டியாடா?" என்று என்னைக் கொல்லைக்கு விரட்டினாள். வெள்ளைச் சட்டை போட்ட ஆபீசர், சீயக்காய் போட்டுக் கை கழுவினேன்.

வேடிக்கை என்னவென்றால், எதிர்வீட்டிலும் ஸ்டவ் வாசலுக்கு வந்திருந்தது. பக்கத்து வீட்டில் ரேஷன் கிருஷ்ணாயிலில் ஏதோ கலப்படம் என்று ஒரு சண்டை நடந்தது. தெரு முழுக்க அவரவர் ஸ்டவ்வைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் சுட்டது நைனாவுக்கு மட்டும்தான்; குழம்பாக வைத்துச் சாப்பிட்ட அம்மாவுக்கும் எனக்கும் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. புளியும் மிளகாயும் எதையும் மூடிவிடும். சுட்ட மீனுக்கு மூடிக்கொள்ள ஒன்றுமில்லை.

நைனா ஸ்டவ்வை விட்டுவிட்டுத் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். "மாத்திர போட்டுப் போட்டு நாக்கு செத்துப்பூட்ச்சிமே. மீனு இன்னா பண்ணும்?" என்றார். அம்மா மனம் நோகக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கம் போய்விடுவார். திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். நாளுக்கு நாள் அவர் இளைத்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் அவர் அப்படி எழுந்து போனபோது, அம்மா அவர் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். குழம்பில்லாமல், வெறும் மீன். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் துப்பவில்லை. மெதுவாக விழுங்கினாள். பிறகு என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அடுப்பு இல்லடா. ஆத்து மீனுதான்."

எனக்கும் தெரியாமல் இல்லை. சில காலைகளில் தண்ணீரின் மேல் மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய் ஏடு படர்ந்து கிடக்கும். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த பக்கம் கையைக் காட்டுவார்கள். தெருவிலும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாய்விட்டுச் சொன்னால் மீன் விலை போகாது. அதனால்தான் அத்தனை ஸ்டவ்களும் வாசலில் நின்றன.

"நைனாகிட்ட சொல்லிடலாம்மா. நாக்கு நல்லாத்தான் கீதுன்னு தெரியட்டும்" என்றேன்.

"சொல்லிட்டு? ஆத்த வுட்டா அந்தாளுக்கு வேற இன்னாடா கீது?" என்றாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

மறுநாளிலிருந்து அம்மா விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்கு பஸ் ஏறினாள். எங்கோ தூரக் கடலில் பிடித்த கிழங்கானை வாங்கி, முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்தாள். மீன்காரன் வீட்டுக்கு மீன் வாங்கி வருவதைத் தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாதே. சாயங்காலம் சுட்டு வைத்தாள். நைனா பயந்து பயந்து ஒரு வாய் போட்டார். அப்புறம் இன்னொரு வாய். தட்டு காலியானது.

"நாக்கு வந்துட்ச்சிமே! மெய்யாலுமே வந்துட்ச்சி!" என்று குழந்தை மாதிரி கத்தினார். அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன். அவ்வளவு துக்கத்தோடு நான் வேறெப்போதும் சிரித்ததில்லை.

அவர் தேறினார். கன்னத்தில் சதை வைத்தது. அடுத்த பாடு வந்தபோது, "என் பாட்டுக்கு நான்தான் போவேன்" என்று நின்றார். வெயில் என்றாள் அம்மா. தையல் என்றாள். தனசேகர் மாமா, "நான் போறேன் மாமா, நீ குந்து" என்று கையைப் பிடித்தார். நைனா கையை உதறிவிட்டுப் படகைத் தள்ளினார். நாங்கள் கரையில் நின்றோம். நிற்பதைத் தவிர என்ன செய்ய முடியும்?

வெயில் தாழ்ந்ததும் கிழங்கானோடு வந்தார். முகத்தில் அத்தனை சந்தோஷம். தேங்காய் மட்டை வைத்து அவரே அடுப்பைப் பற்றவைத்தார். அம்மா மீனை அடுக்கினாள். தோலை உரித்து ஊதி ஊதி ஒரு வாய் போட்டார். தாடை நின்றது. மறுபடி மென்றார். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தினி நாளு குடுத்தியே, அது எந்த மீனு?"

"காசிமேட்டு மீன்யா" என்றாள் அம்மா.

நைனா தலையாட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தட்டில் இருந்த மீன் முழுவதையும் முள் பார்த்து, நிதானமாகத் தின்று முடித்தார். கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நாளையிலேர்ந்து கொழம்பே வைமே. புளி கொஞ்சம் தூக்கலா ஊத்து."

"டாக்டரு புளியே கூடாதுன்னாருய்யா. நாக்குகூட இப்பத்தான் சரியாச்சி..."

"நாக்கு நல்லாத்தாமே கீது. அதான் பேஜாரு."

அதற்குப் பிறகு அவர் இருந்தவரைக்கும் புளிக்குழம்புதான். சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அம்மா தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள். தெருவிலும் ஒவ்வொரு வீடாக மீன் சுடுவது நின்றது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. கிழங்கான் இப்போதெல்லாம் முகத்துவாரம் தாண்டி உள்ளே ஏறுவதில்லை என்கிறார்கள். அந்தப் பக்கம் விருந்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள், எண்ணூர் மீன் குழம்பின் ருசியே அந்தப் புளிப்புதான் என்று மெச்சிச் சாப்பிடுகிறார்கள். எங்கள் ஆட்களும் ஆமாம் என்று இன்னொரு கரண்டி ஊற்றுகிறார்கள்.