மூங்கில் போட்ட குசினி

வேலாயி வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயத்திலேயே அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி ஒரு வார்த்தை சொன்னால் இவள் ஒன்பது சொல்வாள். கொழுந்து நிறுக்கும்போது எடை குறைந்தால் தராசுக்கும் ஏச்சு, பிடித்தவனுக்கும் ஏச்சு. அவளை நல்லவள் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஏசியிருப்பாள்.

அவள் சமையல் பண்ணும் குசினியின் கூரைத் தகரத்தைக் காற்று இரண்டு தடவை தூக்கிப்போய்த் தேயிலைக்குள் போட்டது. தோட்டத்து ஆபீசில் கேட்டுக் கேட்டு அவள் தொண்டைதான் வற்றியது. கடைசியில் கூரைக்குக் கொங்கிரீட் தட்டே போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். அதிலும் ஒரு வில்லங்கம். லயத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கலாம், அங்கேயே செத்தும் போகலாம். நிலையான கட்டடம் மட்டும் எழுப்பக்கூடாது. நிலம் தோட்டத்துடையதாம். கம்பி ஏற்றிய லொறி வந்தால் சந்தியிலேயே மறித்துவிடுவார்கள்.

அவள் கொழுந்தன் அழகுமுத்து மேசன். அவன்தான் வழி சொன்னான்.

"கம்பிக்குப் பதிலா மூங்கில் போடுவோம் மதினி. மூங்கிலை யாரு மறிக்கப் போறா?"

"ஏண்டா, பாடை கட்டுற மூங்கில்லயா எனக்குக் குசினி கட்டப் போற? அவ்வளவு அவசரமா ஒனக்கு?"

அன்று தொடங்கியது வசை. அவன் ஆற்றோரத்தில் முற்றின மூங்கிலாகப் பார்த்து வெட்டி வந்தான். பச்சையாகப் போட்டால் ஈரத்தில் ஊதும், அப்புறம் சுருங்கிச் சீமெந்தை விட்டுக் கழன்றுவிடும் என்று மாதக்கணக்கில் காயவைத்தான். "ஊறுகாய் போடப் போறானாம்" என்று லயத்துக்கே கேட்கச் சொன்னாள் வேலாயி. பிளந்து தார் பூசினான். சீமெந்துக்குப் பிடிமானம் வேண்டுமென்று தார் காயுமுன் மணல் தூவினான். அதற்கும் ஏச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்தான்.

தட்டு இறுகியதும் வேலாயி மேலே ஏறி நின்று மிதித்துப் பார்த்தாள். அசையவில்லை. அதற்கப்புறம் பேச்சே மாறிவிட்டது. "கம்பியாவது கிம்பியாவது! என் கொழுந்தன் போட்டது, மலை சரிஞ்சாலும் நிக்கும்" என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடமெல்லாம் அடித்துப் பேசினாள். அவளைப் பிடிக்காதவர்களுக்கா பஞ்சம்? யாரோ ஆபீசில் வத்தி வைத்துவிட்டார்கள்.

தோட்டத்து மேற்பார்வை உத்தியோகத்தர் கண்டாக்கையா சம்மட்டியோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். இடுப்பில் கைவைத்து நிற்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷன். "ஒடைங்கடா" என்றார். நாலைந்து அடியில் ஒரு மூலை பெயர்ந்தது. உள்ளே மூங்கில் தெரிந்தது. கண்டாக்கையா விழுந்து விழுந்து சிரித்தார்.

"மூங்கிலாடா போட்டிருக்கீங்க? இதுவா நிலையான கட்டடம்? ரெண்டு மழை தாங்காது. தானா விழப்போறதை நாம எதுக்கு ஒடைக்கணும்?" பிறகு அவள் பக்கம் திரும்பினார். "என்ன வேலாயி, நீயே சொல்லு. விழுமா, விழாதா?"

லயமே வாசலில் நின்றது. விழாது என்றால் சம்மட்டி மறுபடியும் இறங்கும். அழகுமுத்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விழுந்துரும்ங்கய்யா" என்றாள்.

"அப்படிச் சொல்லு" என்று அவர் மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் ரோட்டு முடக்கு தாண்டி மறைந்ததும் அழகுமுத்து முகம் தொங்கக் கேட்டான். "மெய்யாவா சொன்னீங்க மதினி?"

"நீ விழுந்தாலும் விழுவ, அவன் தோட்டமே விழுந்தாலும் விழும். இது விழாதுடா!" என்று கத்தினாள். கத்தும்போதே கண் கலங்கிவிட்டது.

பெயர்ந்த மூலையை அவன் பூசிக் கொடுத்தான். எத்தனையோ மழை வந்து போய்விட்டது. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கண்டாக்கையா, "இன்னும் விழலியா வேலாயி?" என்று கேட்பார். "விழுந்துரும்ங்கய்யா" என்று தலையைக் குனிந்து சொல்லிவிட்டு, உள்ளே போய் அந்தத் தட்டுக்குக் கீழே உட்கார்ந்து அவர் ஏழு தலைமுறையையும் ஏசித் தீர்ப்பாள். அந்த மனுஷனை அவள் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை.